எங்க வீட்டு 'பார்'!



தலைப்பைப் பார்த்ததும், "பெண்கள் பக்கத்தில் வந்து பாராவது, கீராவது! இந்தப் பெண்ணுக்குப் புத்தி கெட்டுவிட்டதா?" என்று நினைப்பீர்கள். ஏழெட்டு வருஷத்துக்கு முன் வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அரிசி களையப் போயிருப்பேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். ப்ளஸ் டூ வரை படித்தேன். 2010-ல் கல்யாணம். கணவரின் வேலை காரணமாக 2017-லிருந்து அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருக்கிறோம். ஒரு பெண், ஒரு பையன். ஊரிலிருக்கும் தங்கை இந்தப் பக்கத்தைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். படித்துக்கொண்டே இருந்தேனே தவிர, எழுதுவது இதுதான் முதல் தடவை.

முதலில் 'பார்' என்ற சொல் எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைத்தெருவில் ஒயின் ஷாப்பை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை இறக்கியிருப்பார்கள். அதுதான் பார். அப்பா சாயங்காலம் அங்கே போனால் ராத்திரி பத்து, பதினொன்று ஆகும். வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எப்படி என்று அம்மா சொல்லிவிடுவாள். ஒரே தட்டில் ஸ்டாண்ட் நின்றால் பரவாயில்லை. இரண்டு மூன்று தடவை தட்டினால் என்னையும் தங்கையையும் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவாள். அப்பா 2009-ல் ஈரல் கெட்டுப் போனார். அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

இங்கே எங்கள் பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அமெரிக்க அம்மா தனியாக இருந்தார். பேர் சொல்லிக் கூப்பிடத்தான் சொன்னார். எனக்கு நாக்கு வரவில்லை. "ஆன்ட்டி" என்றேன். அவருக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்தில் பட்டுக்கோட்டை, பேராவூரணி எல்லாம் தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. அம்மாவுக்கு இருந்தது முப்பது மரம். இருபத்திரண்டு போய்விட்டது. கரண்ட் இல்லாமல், போன் கிடைக்காமல் நாலு நாள் நான் பட்ட பாடு! குப்பைத் தொட்டியை வெளியே தள்ளி வைக்கும்போது ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ளே வா, வந்து உட்கார்" என்று தன் கார் ஷெட்டுக்குக் கூட்டிப் போனார். கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கார் ஷெட்டுக்குள் ஒரு கொட்டகை! மேலே ஓலை. சுவரெல்லாம் மூங்கில் தட்டி. தேங்காய்ச் சிரட்டையில் கோப்பை. கூரையிலிருந்து கண்ணாடி உருண்டைகளுக்குள் நீலமும் பச்சையுமாக மங்கலான வெளிச்சம். சுவரில் ஒரு பாய் அடித்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். நம் தாழை ஓலைப் பாய் மாதிரியே இருந்தது! கேட்டால் 'லவ்ஹாலா' என்றார், ஹவாய் தீவுகளில் முடைவதாம். பிறகு விசாரித்ததில், அதுவும் தாழை இனம்தான். புயலில் எங்கள் தோப்பு போன அந்த வாரம், கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் மைலுக்கு இப்பால், ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஓலைக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். இன்னொரு பக்கம் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால், ஓரத்தில் வரிசையாகப் பாட்டில்கள். கீற்றும் பாட்டிலும் ஒன்றாக இருந்தால் எனக்கு அது அப்பாவின் இடம்தான்.

ஆன்ட்டி எனக்குக் கொடுத்தது அன்னாசிச் சாறும் தேங்காய்ப் பாலும் கலந்த, மேலே ஜாதிக்காய் உரசிப் போட்ட ஒரு பானம். "இதில் ஒன்றும் இல்லை, பயப்படாதே" என்று நான் கேட்காமலேயே சொன்னார். ருசி? ஜாதிக்காய் வாசனைக்கு அம்மா கை லேகியம் ஞாபகம் வந்தது.

இந்த மாதிரி இடத்துக்கு 'டிகி பார்' என்று பேர். அது வந்த கதையே ஒரு தமாஷ். அமெரிக்காவில் 1920-லிருந்து 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. அது நீங்கின கையோடு, ஹாலிவுட்டில் டான் பீச் என்று பேர் வைத்துக்கொண்ட ஒருவர், கப்பலில் ஊர் சுற்றி வந்தவர், சின்னதாக ஒரு கடை போட்டார். மூங்கில், ஓலை, மீன் வலை என்று தீவு மாதிரி ஜோடித்தார். பழச்சாறும் மசாலாவும் ரம்மும் கலந்து விற்றார். அவருடைய கைப்பக்குவம் யாருக்கும் தெரியக் கூடாது என்று, பாட்டில்களில் பேர் எழுதாமல் சங்கேதமாக எழுதி வைப்பாராம். ஊற்றுகிற வேலைக்காரனுக்கே உள்ளே என்ன என்று தெரியாது. நம் ஊரில் சில மாமியார்கள் சாம்பார் பொடி அளவைச் சொல்ல மாட்டார்களே, அந்த மாதிரி! அவர் செத்துப் பல வருஷம் கழித்து, ஜெஃப் பெர்ரி என்பவர் பழைய வேலைக்காரர்களின் நோட்டுகளைத் தேடிப் பிடித்துக் கண்டுபிடித்தார். 'டான்ஸ் மிக்ஸ்' என்று பெரிய ரகசியமாக இருந்தது, இரண்டு பங்கு பம்ப்ளிமாஸ் மாதிரியான கிரேப்ஃப்ரூட் சாறு, ஒரு பங்கு பட்டைப் பாகு. அவ்வளவுதான்.

இரண்டாமவர் எங்கள் ஊருக்குப் பக்கம். ஃப்ரீமான்ட்டிலிருந்து காரில் போனால் அரை மணி, முக்கால் மணியில் ஓக்லாண்ட். அங்கே விக்டர் பெர்ஜரான் 1934-ல் ஒரு சின்னக் கடை ஆரம்பித்தார். சிறு வயதிலேயே காசநோயில் ஒரு காலை இழந்தவர். பின்னால் அந்தக் கடைதான் 'டிரேடர் விக்ஸ்' என்று ஊர் ஊராகக் கிளை விட்டது. 1944-ல் அவர் கலந்த 'மை டாய்' உலகம் முழுக்கப் பிரபலம். தஹிதி மொழியில் அதற்கு 'நல்லது' என்று அர்த்தம்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன சிப்பாய்கள் திரும்பி வந்ததும், இந்தப் பைத்தியம் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. ஹவாய் 1959-ல் அமெரிக்காவின் 50-வது மாநிலம் ஆனது. அப்போது வீட்டின் நிலவறையிலும் கார் ஷெட்டிலும் மூங்கில் பார் கட்டாதவர்கள் குறைவு என்பார் ஆன்ட்டி. அவருடைய மாமனாரும் போரில் கடற்படையில் இருந்தவர். அந்த வருஷம்தான் இந்தக் கொட்டகையைக் கட்டினாராம். "அவர் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. இங்கே வந்து உட்கார்ந்து ரெக்கார்டு போடுவார்" என்றார் ஆன்ட்டி. மார்ட்டின் டென்னி என்பவரின் 'குவயட் வில்லேஜ்' என்ற ரெக்கார்டு. பாட்டு கிடையாது, வெறும் வாத்தியம். நடுநடுவே பறவைக் கூச்சலும் தவளைச் சத்தமும் வரும். பறவையும் இல்லை, தவளையும் இல்லை, வாத்தியக்காரர்களே அந்தச் சத்தங்களை எழுப்புகிறார்கள்! என் பையன் அதைக் கேட்டு உருண்டு உருண்டு சிரிப்பான்.

எனக்குத் தெரிந்ததில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? தீவுக்காரர்கள் இப்படி ஒரு பார் வைத்ததே இல்லை. ரம் கரீபியன் பக்கத்துச் சரக்கு. தின்னக் கொடுத்தது பெரும்பாலும் சீனப் பலகாரம். அலங்காரம் மட்டும் பசிபிக். தீவுக்காரர்கள் தொன்றுதொட்டுக் குடிப்பது 'காவா' என்ற வேரை இடித்துக் கரைத்த தண்ணீர். அது நம் வெற்றிலை, மிளகுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆக, எல்லாம் அமெரிக்கர்கள் கனவில் கட்டின தீவு.

சரி, எங்க வீட்டுக்கு வருகிறேன்.

2020-ல் கொரோனா வந்து ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது, இங்கே பலர் வீட்டிலேயே டிகி பார் கட்ட ஆரம்பித்தார்கள். என் கணவருக்கும் ஆசை வந்துவிட்டது. "இங்க பாரும்மா, நம்ம கார் ஷெட்ல பாதி சும்மாதானே கிடக்கு..." என்று ஆரம்பித்தார். நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டேன். "எங்கப்பா பார் போதாதா? என் பிள்ளைங்க அப்பாவுக்கும் ஒரு பாரா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அவர் பார்ட்டியில் எப்போதாவது ஒன்று சாப்பிடுகிறவர், அவ்வளவுதான். பதினைந்து நாள் பேச்சு வார்த்தை இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆன்ட்டிதான் சமாதானம் பண்ணினார். "எங்கள் வீட்டில் பார் என் மாமனாருடையது இல்லை, என் மாமியாருடையது. அவர் அளந்து கொடுத்தால்தான் உண்டு" என்றார். இது எனக்கு மனசில் நின்றது. எங்கம்மா கையில் அளவு இருந்ததே இல்லையே.

கடைசியில் மூன்று நிபந்தனையோடு சம்மதித்தேன். பாட்டில் அலமாரிக்குப் பூட்டு, சாவி என்னிடம். யாராக இருந்தாலும் இரண்டு கோப்பைக்கு மேல் இல்லை. குடிக்காதவர்களுக்கும் அதே அழகோடு, அதே அலங்காரத்தோடு பானம் வேண்டும். ஓரத்தில் ஒரு கோகோ கோலா டின்னை நீட்டுவது கூடாது. அந்த இரண்டு கோப்பைக் கணக்கு நான் கண்டுபிடித்ததில்லை. டான் பீச்சின் 'ஸாம்பி' என்ற பானத்தை ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டாராம். அதில் மூன்று வகை ரம். ஒன்று பாதிக்கு மேல் சாராயமே. ஆனால் பழச்சாறும் பட்டையும் அந்தக் காரத்தை மறைத்துவிடும். சகோதரிகளே, இதை மட்டும் நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கசந்தால் நிறுத்திவிடலாம். இனிப்பாக இருப்பதுதான் ஆபத்து.

கட்டுவதற்குப் பெரிய செலவில்லை. கடையில் மூங்கில் தட்டி சுருட்டி விற்கிறார்கள், அதை ஆணி அடித்துச் சுவரை மறைத்தோம். பழைய புத்தக அலமாரியைக் கிடையாகப் போட்டு, மேலே பலகை வைத்து, அதற்கும் மூங்கில். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும். பகலா இரவா என்று தெரியக் கூடாது, கடிகாரமும் மாட்டக் கூடாது. இதுதான் முக்கியம் என்பார் ஆன்ட்டி. வெளிச்சத்துக்கு மஞ்சள் பல்பு ஒன்றை எங்கள் பழைய மூங்கில் கூடைக்குள் வைத்தேன். சுவரெல்லாம் கூடையின் நிழல். மெழுகுவர்த்தி, தீச்சட்டி எல்லாம் கூடவே கூடாது. எலுமிச்சை மூடியில் ரம் ஊற்றிக் கொளுத்தி மிதக்க விடுவது பல இடங்களில் வழக்கம். ஓலைக்கு அடியில், அதுவும் காட்டுத் தீக்குப் பேர் போன கலிபோர்னியாவில்! பேட்டரி விளக்கே போதும்.

இன்னொன்று. இந்த பார்களில் பல்லைக் காட்டும் மர உருவங்களையும், அதே முகத்தோடு பீங்கான் கோப்பைகளையும் பார்க்கலாம். அதுதான் 'டிகி'. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் கதைப்படி டிகி முதல் மனிதன். பல தீவுகளில் அவை முன்னோர்களின், தெய்வங்களின் உருவம். ஆன்ட்டி எனக்கு ஒரு கோப்பை கொடுத்தபோது, வாங்கிக்கொண்டு வந்து அடுப்பங்கரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் அய்யனாரையோ பிள்ளையாரையோ இப்படிக் கோப்பையாகச் செய்து, யாரோ தலையில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் நமக்கு எப்படி இருக்கும்? திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயம். "அறுபது வருஷமாக எனக்கு இது தோன்றவில்லையே" என்று மட்டும் சொன்னார். அதனால் எங்க வீட்டு பாரில் சாமி முகம் கிடையாது. சிரட்டைக் கோப்பையும் மூங்கில் குழாய் மாதிரி பீங்கான் கோப்பையும்தான். சுவரில் ஒரு கட்டுமரத்தின் படம். ஆங்கிலக்காரர்கள் இரட்டைப் படகுக்குச் சொல்லும் 'கேட்டமரான்' என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்று சொன்னால், வருகிற அமெரிக்கர்கள் யாரும் முதலில் நம்புவதில்லை.

கலக்குகிற வேலையில்தான் எனக்கு உற்சாகம் வந்தது. ஏனென்றால் பாதிச் சாமான் நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது! மை டாயில் விடும் 'ஓர்ஜா' என்ற பாகு, கடையில் வாங்கினால் யானை விலை. என்னவென்று பார்த்தால் நம் பாதாம் பால்தான். ஒரு டம்ளர் பாதாமை ஊறவைத்துத் தோல் உரித்து, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் இறுகப் பிழியுங்கள். வருகிற பாலுக்குச் சம அளவு சர்க்கரை சேர்த்து, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் கரைத்து இறக்குங்கள். ஆறினதும் ஆரஞ்சுப்பூ நீர் நாலு சொட்டு. எங்கள் ஊரில் ஆப்கானியர் கடைகள் நிறைய, அங்கே கிடைக்கிறது. ஃபிரிட்ஜில் பத்து நாள் வைத்துக்கொள்ளலாம். பார்படாஸ் தீவின் 'ஃபலர்னம்' என்ற பாகு இன்னும் சுலபம். இஞ்சி, கிராம்பு, எலுமிச்சைத் தோல், பாதாம், சர்க்கரை. சளி பிடித்தால் என் பையனுக்கு ஒரு ஸ்பூன் அதையேதான் கொடுக்கிறேன்.

ரம் இல்லாத மை டாய்க்கு நானே ஒரு வழி பண்ணினேன். ரம் போய்விட்டால் வெறும் சர்பத் ஆகிவிடுகிறது, ஒரு துவர்ப்பு வேண்டும். பால் விடாத கட்டி டீ டிகாஷனை ஆறவைத்து நாலு பங்கு, எலுமிச்சைச் சாறு இரண்டு பங்கு, பாதாம் பாகு ஒன்றரைப் பங்கு. நிறைய ஐஸ். பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் ஒரு புதினாக் கொத்து. மூடி தீவாம், புதினா தென்னை மரமாம்! புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் செருகுங்கள், அப்போதுதான் வாசனை எழும். ஐஸை உடைக்க இங்கே மரச் சுத்தியலும் கான்வாஸ் பையும் விற்கிறார்கள். எனக்குக் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பையும் பூரிக் கட்டையும் போதும்.

ஆன்ட்டி முதல் நாள் கொடுத்தாரே, அது 'பெயின்கில்லர்' என்ற பானம், ரம் நீங்கலாக. அன்னாசிச் சாறு நாலு பங்கு, ஆரஞ்சுச் சாறு ஒன்று, இனிப்புத் தேங்காய்ப் பால் ஒன்று. டின்னில் வரும் 'க்ரீம் ஆஃப் கோகனட்' ஏற்கெனவே பாகு மாதிரி இனிக்கும். நம் வீட்டுத் தேங்காய்ப் பாலை விட்டால் சர்க்கரையும் போட வேண்டும். தெரியாமல் முதல் தடவை நான் செய்தது ஆப்பத்துக்கு ஊற்றுகிற மாதிரி இருந்தது.

அளவு, அளவு, அளவு. என் கணவர் கண்ணளவில் ஊற்றுவார். இருமல் மருந்து மூடியைக் கையில் கொடுத்து, இதில் அளந்து ஊற்றுங்கள் என்றேன். எங்கள் பாரில் இன்றைக்கும் அதுதான் அளவு.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் 2022 கோடையில் ஒரு நாள் தவறு நடந்துவிட்டது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நாலு குடும்பம் வந்திருந்தது. என் கணவர் பெயின்கில்லரை இரண்டு ஜாடியில் கலந்து வைத்துவிட்டார். ஒன்றில் ரம், ஒன்றில் இல்லை. பார்க்க இரண்டும் ஒரே மஞ்சள். நான் அடுப்பங்கரையில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். பத்து வயது மகள் கோப்பையோடு வந்து, "அம்மா, இதுல இருமல் மருந்து வாசனை அடிக்குது" என்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரே வாய்தான் குடித்திருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் நின்ற இன்னொரு குழந்தைக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டிருந்தாள். நல்ல வேளை, அது குடிக்கவில்லை. அந்தக் கோப்பையைப் பிடுங்கிக் கொட்டியபோது, ஓலை நிழலில் நின்றுகொண்டு என் மகள் பார்த்த பார்வை... பின்கட்டுக்கு ஓடுகிற வயதில் நான் பார்த்த அதே பார்வை.

மறுநாளே பூட்டுப் போட்டேன். மூன்று மாதம் அந்தக் கதவைத் திறக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே பாட்டில்களை எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கி, "நீ சொன்னா ஆன்ட்டி வீட்ல கொடுத்துடறேன்" என்று நின்றார். அன்றைக்குத்தான் எனக்கு மனசு இளகியது. எங்கப்பா ஒரு நாளும் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, என்ன செய்யட்டும் என்று கேட்டதில்லை.

திரும்பத் திறந்தபோது, ஆன்ட்டி சொன்னபடி முறையை மாற்றினோம். ஜாடியில் ரம் எந்நாளும் கிடையாது. ஜாடி எல்லோருக்கும் பொது. ரம் கடைசியில், தனித்தனிக் கோப்பையில், பெரியவர் கையால் மட்டும். ரம் போடுகிற கோப்பை மூங்கில் வடிவம், இல்லாதது சிரட்டை. மாற்றி ஊற்றக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளையும் பார்த்த உடனே தெரிந்துகொள்ளும். கார் ஓட்டிக்கொண்டு திரும்பிப் போகிறவருக்குச் சிரட்டைதான். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

"இத்தனை பாடு பட்டு எதற்கு? ரம்மையே விட்டுத் தொலைத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அவர் சாப்பிடுகிறார். வெளியே சாப்பிட்டுவிட்டு ஏலக்காய் மென்றுகொண்டு வந்ததைவிட, என் கண்ணெதிரே மருந்து மூடியில் அளந்து சாப்பிடுவது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அதற்காக எல்லா வீட்டுக்கும் இது சரி என்று சொல்ல மாட்டேன். கை நடுங்குகிற அளவுக்குக் குடிக்கிற ஆள் இருக்கிற வீட்டில் பூட்டும் சாவியும் ஒன்றும் செய்யாது. எங்கப்பாவுக்கு முன்னால் இந்தச் சாவி எத்தனை நாள் தாங்கியிருக்கும்? அப்படிப்பட்ட வீட்டில் ஓலையும் சிரட்டையும் மட்டும் வையுங்கள், பாட்டில் வேண்டாம். பாட்டில் இல்லாமலும் இந்த இடம் நன்றாகத்தான் இருக்கிறது. வாரநாளில் நானும் பிள்ளைகளும் அங்கேதான் வீட்டுப் பாடம் பண்ணுகிறோம், தவளைப் பாட்டைப் போட்டுக்கொண்டு.

2023 மே மாதம் அம்மா வந்தாள். கார் ஷெட்டைக் காட்ட எனக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. பேரன் வாயில் எதுவும் தங்காது, "பாட்டி, எங்க வீட்ல பார் இருக்கு!" என்று சொல்லிவிட்டான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பாட்டில் அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். "சாவி?" என்றாள். என் கொத்தைக் காட்டினேன். அப்புறம் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். கடையில் வாங்கி ஒட்டின பிளாஸ்டிக் ஓலை.

"இது என்னடி கீத்து? ரப்பரா?"

அந்த வாரம் ஆன்ட்டி வீட்டு வாசலில் இருந்த மரத்தில் மட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். குயின் பாம் என்று பேர், தூரத்திலிருந்து பார்த்தால் தென்னை மாதிரி இருக்கும். அம்மா அதை இழுத்து வந்து தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டாள். "இது தென்னையில்லை, ஓலை நாலு பக்கமும் நிக்குது, படிய மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே, நடு நரம்பைக் கிழித்து, காலை நீட்டிப் போட்டு முடைய உட்கார்ந்தாள். பேத்தி பக்கத்தில். ஆன்ட்டி வேலியைச் சுற்றி வந்து நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. மூன்று நாளில் ஒன்பது கீற்று. கோணல் மாணல்தான். ரப்பர் ஓலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தீப்பிடிக்காத மருந்து அடித்து அதைக் கட்டினோம்.

அன்று ராத்திரி அம்மாவுக்குச் சிரட்டையில் அன்னாசியும் தேங்காய்ப் பாலும் கலந்து கொடுத்தேன். ஜாதிக்காயை அவளே உரசிக்கொண்டாள். பாதி குடித்தபின், "உங்கப்பா உக்காந்த இடத்துல நான் ஒரு நாளும் உள்ள போய்ப் பாத்ததில்ல. வாசல்ல நின்னு கூப்புட்டுட்டு வந்துருவேன்" என்றாள். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் ஐஸை இடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று சிரட்டையை நீட்டினாள்.

ஆன்ட்டி போன வருஷம் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். அவர் மாமனார் செய்த மூங்கில் பெஞ்சும், லவ்ஹாலா பாயும், நீலக் கண்ணாடி உருண்டைகளும் இப்போது எங்களிடம் இருக்கின்றன. அம்மா ஊரிலிருந்து வாரா வாரம் போன் பண்ணுகிறாள். புயலுக்கப்புறம் வைத்த தென்னம்பிள்ளைகள் பாளை விட்டிருக்கின்றனவாம். அதைச் சொல்லிவிட்டு, "அந்தக் கொட்டகைக் கீத்து உதுருதா பாரு. உதுந்தா மாத்திப்புடு, பூச்சி வந்துரும்" என்கிறாள். நேற்றுப் பார்த்தேன், இரண்டு கீற்று நுனியில் உதிர ஆரம்பித்திருக்கிறது. மகள் முடைகிறேன் என்கிறாள். மட்டைதான் தேட வேண்டும்.

— ஒரு வாசகி,
ஃப்ரீமான்ட், கலிபோர்னியா.